பானிபூரிக்காரர் வேடம் இல்லாத பள்ளி நாடகம் ஏதாவது தெரியுமா?

தறிச்சத்தம்:
வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன், நாடகக் குழுவும் என் தலையில்தான். எட்டாவது, ஒன்பதாவது சேர்த்து 22 பிள்ளைகள். அதில் ஆறு பேர் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம், நாலு பேர் பீகார், ரெண்டு பேர் ஒடிசா. தமிழ் நன்றாகவே பேசுவார்கள், சண்டை போடும்போது சுத்தக் கொங்குத் தமிழ்.

போன ஆண்டு விழாவுக்கு நானே ஒரு நாடகம் எழுதினேன். பீகார்ப் பையன் ஒருவனுக்குப் பானிபூரிக்காரர் வேடம், பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான் யோசித்தேன். அவன் வாயைத் திறக்கும் முன்பே கூட்டம் சிரித்துவிட்டது. அடுத்த ரெண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. அவன் அப்பா டையிங்கில் வேலை பார்க்கிறார், பானிபூரிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த வருடம் வேறு ஊர், வேறு மொழி நாடகமாக ஒன்றை எடுத்துத் தமிழில் போடலாம் என்று ஆசை. ஆளுக்கொரு மாநில உடையை மாட்டி வரிசையில் நிறுத்தி "வேற்றுமையில் ஒற்றுமை" பாடவைக்கும் சமாசாரம் வேண்டாம். அரை மணி நேரம், ரெண்டு மைக், பெஞ்சைச் சேர்த்துப் போட்ட மேடை. என்ன எடுக்கலாம்?

கூத்துக்கிறுக்கன்:
டீச்சர், கண்ணை மூடிக்கொண்டு தாகூரின் ‘டாக் கர்’, அதாவது அஞ்சலகம். 1912இல் வந்தது. நோயாளிப் பையன் அமல் வெளியே போகக் கூடாது என்பது வைத்தியர் உத்தரவு, அதனால் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுப்பான், ராஜாவிடமிருந்து தனக்குக் கடிதம் வரும் என்று காத்திருப்பான். தயிர்க்காரர், காவல்காரர், பூப்பறிக்கும் சுதா, ஊர்ப் பெரியதனக்காரர் என்று சின்னச் சின்ன வேடங்கள், 22 பேரில் பாதிப் பேருக்காவது வசனம் இருக்கும். ஜன்னல் ஒன்று போதும், வேறு செட் வேண்டாம். தயிர்க்காரரிடம் அமல் கேட்பது தயிர் இல்லை, அவரைப் போலத் தயிர் கூவுவது எப்படி என்று. அந்த இடத்தை அவசரப்படாமல் நடிக்கச் சொல்லுங்கள்.

இது குழந்தைகளுக்கு லேசான கதை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். 1942 ஜூலையில், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா கெட்டோவில், யானுஷ் கோர்சாக் என்ற மருத்துவர் தன் அநாதை இல்லப் பிள்ளைகளை வைத்துப் போட்ட நாடகம் இதுதான். அடுத்த மாதமே அவரையும் பிள்ளைகளையும் ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

தாகூர் இறந்தது 1941, உரிமைப் பிரச்சினை எப்போதோ முடிந்துவிட்டது. மற்ற நாடகங்களுக்கும் ரொம்பப் பயப்பட வேண்டாம். பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்து, பார்ப்பவர்களும் பள்ளி ஆட்கள், பெற்றோர் என்ற வட்டத்துக்குள் இருந்தால் நம் காப்புரிமைச் சட்டமே விலக்குக் கொடுக்கிறது. டிக்கெட் போட்டு வெளியாட்களைக் கூப்பிடுவதும் யூடியூபில் ஏற்றுவதும் வேறு கதை.

சாயங்காலம்6மணி:
எதற்கு வங்காளம் வரைக்கும் போகணும்? நம்மிடம் தெருக்கூத்து இல்லையா, நந்தன் கதை இல்லையா? முதலில் நம்முடையதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும், அப்புறம் மற்றது.

கூத்துக்கிறுக்கன்:
அண்ணே, அந்த ஆறு பேரும் "நம்ம பிள்ளைகள்" கணக்கில் வருவார்களா மாட்டார்களா, அதை முதலில் சொல்லுங்க.

பாசஞ்சர்வண்டி:
பீகார்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறீர்கள், பிகாரி டாக்கூர் பெயரை ஒருத்தரும் சொல்லவில்லையே! போஜ்புரியில் அவர் இல்லாமல் நாடகமே இல்லை. 1887இல் சாரண் மாவட்டத்தில் முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவர், பிழைப்புக்குக் கரக்பூர் போனவர், திரும்பி வந்து சொந்தமாகக் குழு கட்டினார். அவருடைய ‘பிதேசியா’ என்ன கதை தெரியுமா? கல்யாணமான கொஞ்ச நாளில் கணவன் வேலை தேடிக் கல்கத்தாவுக்குப் போய்விடுகிறான், மனைவி ஊரில் காத்திருக்கிறாள், வழிப்போக்கர் ஒருவர் கையில் சேதி சொல்லி அனுப்புகிறாள். கல்கத்தாவைத் திருப்பூர் என்று மாற்றினால் உங்கள் ஊர்க் கதை. அங்கே அவனுக்கு இன்னொரு பெண் இருப்பாள், எட்டாவது பிள்ளைகளை வைத்து அதை எப்படிக் கையாளுவது என்று யோசிக்கணும், நானாக இருந்தால் மனைவி, வழிப்போக்கர், கணவன் மூன்று பேரை மட்டும் வைத்து 20 நிமிடத்துக்குச் சுருக்கிவிடுவேன்.

ஆண்களே பெண் வேடம் கட்டுவார்கள், நம் கூத்தில் போலவே. ஆக, சாயங்காலம் அண்ணனும் கோபித்துக்கொள்ள வேண்டாம், கட்டியங்காரனை விட்டு ஆரம்பித்து வைத்துப் பிதேசியாவைக் கூத்தாகவே ஆடலாம். பாட்டு ரெண்டு மூன்று போஜ்புரியிலேயே இருக்கட்டும். அந்தப் பையனின் அம்மாவிடம் கேளுங்கள், அவருக்கு மெட்டுத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவனைக் கேட்காமல் அவன் அம்மாவைக் கூப்பிட்டுவிடாதீர்கள், அந்த வயதில் அது பெரிய அவமானம்.

ஈசூன்வாசி:
சிங்கப்பூரிலிருந்து. இங்குள்ள நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1988இல் போட்ட ‘மாமா லுக்கிங் ஃபார் ஹெர் கேட்’ பாருங்கள். (மாமா என்றால் இங்கே அம்மா. முதலில் நானும் ஏதோ தாய்மாமன் கதை என்றுதான் நினைத்தேன்.) ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழி மட்டும் பேசுகிற வயதான அம்மா, ஆங்கிலமும் மாண்டரினும் பேசுகிற பிள்ளைகள், வீட்டுக்குள்ளேயே பேச்சு அறுந்துவிடும். பூனையைத் தேடிக்கொண்டு வெளியே போகிற அந்த அம்மா ஒரு தமிழ்த் தாத்தாவைச் சந்திப்பார். இவர் ஹொக்கியனில், அவர் தமிழில், ஒரு வார்த்தை புரியாமல் கையாலும் முகத்தாலும் பூனையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். வீட்டில் நடக்காத பேச்சு அங்கேதான் நடக்கும். நடிகர்கள் பட்டறையில் சேர்ந்து செய்து பார்த்து உருவாக்கிய நாடகம் அது, உங்கள் பிள்ளைகளும் அப்படியே செய்யலாம். பூனையை மட்டும் கடன் வாங்குங்கள், மீதியை ஒடியாவிலும் தமிழிலும் அவர்களே பேசட்டும்.

மட்டுவில்மாமி:
நான் மட்டக்களப்பில் நாடகமும் அரங்கியலும் படிப்பிச்சு ஓய்வு பெற்ற ஆள். ஒண்டு சொல்லவா ரீச்சர், நாடகம் எந்த ஊரிலிருந்து வருது எண்டதை விட, அதை ஆர் ஆடுகினம் எண்டதுதான் முக்கியம். சரச்சந்திராவின் ‘மனமே’ 1956இல் வந்த சிங்கள நாடகம், அதன்ர ‘நாடகம’ எண்ட பாட்டும் ஆட்டமுமான வடிவத்துக்கு வேர் எங்கட கூத்திலதான் இருக்கு. எங்கட பிள்ளையளுக்கு அதைக் காட்டினா, "இது எங்கட ஆட்டமெல்லோ" எண்டு கேப்பினம். அதுக்குப் பிறகு பாடம் நடத்தத் தேவையில்லை.

உங்களுக்கு ஒரு புத்தி சொல்லுறன். பீகார்ப் பிள்ளைக்குப் பீகார் வேடம் குடுக்காதையுங்கோ, போன வருசம் சனம் சிரிச்சது அதுக்குத்தானே. அவன் அமலாக நடிக்கட்டும், தயிர்க்காரனாக ஒரு திருப்பூர்ப் பிள்ளை வரட்டும். வேற ஊர்ப் பேச்சைப் பகிடிக்குப் பேசிக் காட்டவும் ஒருத்தரையும் விடாதையுங்கோ.

தறிச்சத்தம்:
எல்லாருக்கும் நன்றி. அம்மா, கடைசியில் நீங்கள் சொன்னது சுருக்கென்று இருந்தது.

நேற்று மதிய உணவு நேரத்தில் அஞ்சலகத்தையும் பிதேசியாவையும் கதையாகச் சொல்லிப் பார்த்தேன். பிதேசியாவுக்குப் பீகார்ப் பிள்ளைகள் மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஆக அதை இந்த வருடம் தொடவில்லை, அவர்களாகக் கேட்டால் பார்க்கலாம். அஞ்சலகம்தான். பையன் அமலாக நடிக்க ஒத்துக்கொள்ளவில்லை, ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாதாம். காவல்காரர் வேண்டுமாம், மணி அடிக்கலாம் என்பதற்காக. மறுபடியும் வாட்ச்மேனா என்று எனக்குத்தான் பகீர் என்றது. அவனுக்கு அந்த மணிமேல் மட்டும்தான் கண்.

அமலாக ஒன்பதாவது ‘பி’யில் ஒரு பெண் நடிக்கிறாள். நல்ல சத்தமாகக் கேட்கும் வெண்கல மணி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பள்ளி மணி எலக்ட்ரிக் ஆகிவிட்டது.