ஏரியா சபையில் பஸ் பற்றி எப்படிக் கேட்பது?

மல்லிகை:
சென்னை கண்ணகி நகரில் இருக்கிறோம். இங்கே நிறைய பெண்கள் அடையாறு, மயிலாப்பூர் பக்கம் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். 2021-ல் டவுன் பஸ்ஸில் இலவசப் பயணம் வந்தது பெரிய விஷயம், அதை மறுக்கவே முடியாது. ஆனால் விடியற்காலையில் கிளம்பி, இரண்டு வீடு முடித்து, ரேஷன் வாங்கிக்கொண்டு, பள்ளி விடுவதற்குள் ஓடிவருகிறவர்களுக்கு மத்தியானம் ஒயிட் போர்டு (இலவசமாகப் போகிற சாதாரண பஸ்) கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. டீலக்ஸ் வந்தால் டிக்கெட் எடுக்கணும். அடுத்த ஏரியா சபையில் (பகுதி மக்கள் குறைகளைச் சொல்லும் மாநகராட்சிக் கூட்டம்) பேசலாம் என்று இருக்கிறோம். எப்படிக் கேட்டால் வேலை நடக்கும்?

காவேரிக்கரை:
அக்கா, "பஸ் பத்தவில்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ஃபைலோடு போய்விடும். போக்குவரத்து சர்வேயில் பெரும்பாலும் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற ஒரே பயணத்தைத்தான் பிடிப்பார்கள். நடுவில் ரேஷன் கடை, பள்ளி, ஆஸ்பத்திரி என்று ஏறி இறங்குவதும் நடப்பதும் அதில் விழாது. அதனால் ஒரு பத்துப் பேரிடம் உட்கார்ந்து பேசி, யார் எத்தனை மணிக்கு எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்று முழுசாக எழுதுங்கள். அதை வைத்து, மத்தியானம் இந்த நேரத்துக்கு ஒரு கட் சர்வீஸ் (முழு ரூட்டும் போகாமல் பாதி தூரம் மட்டும் ஓடும் பஸ்) வேண்டும் என்று கேளுங்கள். இலவசப் பயணத்தால் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வே சொன்னது. தினமும் ஷேர் ஆட்டோவில் திரும்பினால் அதில் என்ன தங்கும்?

ரயிலடி:
ஏரியா சபை மாநகராட்சியுடையது, பஸ் நேரம் அவர்கள் கையில் இல்லை. அந்த மனுவை டெப்போ மேலாளரிடம் தனியாகக் கொடுங்கள், கும்டாவுக்கு (சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம்) ஒரு நகல். சபையில் கேட்க வேண்டியது தெருவிளக்கும் நடைபாதையும். ஸ்டாப்பில் வெளிச்சம் இருக்கும், அங்கிருந்து வீட்டுக்குப் போகிற சந்து கும்மிருட்டாக இருக்கும். நடைபாதையில் ஈ.பி. பெட்டியும் பைக்குமாக நின்றால் ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் அரிசிப் பையோடு தார் ரோட்டில்தான் நடக்கணும். எந்தச் சந்து, எந்தக் கம்பம் என்று போட்டோவோடு கொடுங்கள்.

நிலா:
ராத்திரி பஸ்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கனடாவின் மான்ட்ரியலில் 1996-ல் ஓர் ஏற்பாடு வந்தது: இரவில் தனியாக வரும் பெண்கள் இரண்டு ஸ்டாப்புக்கு நடுவிலேயே இறங்கிக்கொள்ளலாம், டிரைவர் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துவார். புது பஸ் வாங்கத் தேவையில்லாத ஏற்பாடு, இங்கே தாராளமாகச் செய்யலாம்.

மல்லிகை:
ரொம்ப நன்றி. சரி, இரண்டு மனுவாகவே போடுகிறோம். கூடையோடு மீன் விற்கப் போகிற அக்காக்களையும் உட்கார வைத்துக் கேட்கிறேன், அவர்கள் கிளம்புகிற நேரம் இன்னும் முன்னால்.