ஓப்பன் சோர்ஸ் நிரலுக்குப் பராமரிப்புக் கட்டணம் கேட்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே, கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன்.

எடைமேடையிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடையைப் படித்து ரசீது அடிக்கும் சின்ன பைதான் லைப்ரரி ஒன்றை, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டிருக்கிறேன். ஓசூர் பக்கம் ஒரு நிறுவனம் அதைத் தன் மென்பொருளில் சேர்த்து மாங்கூழ் ஆலைகளுக்கு விற்கிறது. தாராளமாக விற்கட்டும், உரிமமே அதற்கு இடம் கொடுக்கிறது.

சிக்கல் சீசனில்தான். “பெங்களூரா மாம்பழ லோடு இறங்காமல் லாரிகள் நிற்கின்றன, இன்றிரவே சரிசெய்து அனுப்பவும்” என்று மெயில் வருகிறது. ஒரு ‘தயவுசெய்து’கூட இல்லை. உத்தரவாதம் எதுவும் கிடையாது என்று உரிமத்தில் பெரிய எழுத்திலேயே இருக்கிறது, யார் படிக்கிறார்கள்! 2021 டிசம்பரில் உலகையே உலுக்கிய லாக்ஃபோர்ஜே என்ற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டையை அடைத்ததும் தன்னார்வலர்கள்தானே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டவர்கள் இங்கே இருந்தால் மாதிரி ஒன்று தர முடியுமா? மணிக்கணக்கில் கேட்பதா, ஆண்டுக் கட்டணமா? அடுத்த பதிப்பை ஜிபிஎல்லுக்கு (சேர்த்து விற்பவர்களும் தங்கள் நிரலைத் திறந்து கொடுக்க வேண்டும் என்ற உரிமம்) மாற்றச் சொல்கிறான் நண்பன். ஆனால் ஏற்கெனவே வெளியான பதிப்பை அவர்கள் எம்ஐடியிலேயே தொடரலாம், அதனால் அதில் பெரிய பிடி இல்லை.

அப்புறம், ஜிஎஸ்டி பதிவு இல்லாத தனிநபர் பில் கொடுத்தால் நிறுவனங்கள் ஏற்குமா?