யாழினிக்கு எந்த மார்க்கர்? தாத்தா வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

யாழினி: எல்லோருக்கும் காலை வணக்கம். பரீட்சை முடிந்துவிட்டது. லீவில் ஆல்கஹால் மார்க்கர் வாங்கிப் பழகலாம் என்று இருக்கிறேன். அம்மா இரண்டாயிரம் ரூபாய் வரைக்கும் சரி என்று சொல்லிவிட்டார். மேலே நான் அனுப்பிய செட்டின் படத்தைப் பாருங்கள், 168 நிறம், விலையும் அதற்குள் வந்துவிடுகிறது. நித்யா அக்கா, இதை வாங்கலாமா?

அம்மா: வீட்டில் ஒரு டப்பா நிறைய ஸ்கெட்ச் பேனா கிடக்கிறது. ஆல்கஹால் என்று பெயரைக் கேட்டாலே ஒரு மாதிரி இருக்கிறது. நித்யா, நீ சொன்னால்தான் பணம் கொடுப்பேன்.

நித்யா அக்கா: சித்தி, பயப்பட ஒன்றும் இல்லை. ஸ்கெட்ச் பேனாவில் இருப்பது தண்ணீரில் கரைத்த மை. ஒரே இடத்தில் இரண்டு மூன்று தடவை தேய்த்தால் காகிதம் நைந்து திரி திரியாக வந்துவிடும், கோடு கோடாகவும் தெரியும். இதில் சாயத்தை ஆல்கஹாலில் கரைத்திருக்கிறார்கள். அது சட்டென்று ஆவியாகிவிடுவதால் காகிதம் நைவதில்லை, ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றைப் போட்டால் கீழே இருப்பது இளகி இரண்டும் கலந்துகொள்ளும். கட்டடம் வரைகிறவர்கள், டிரெஸ் டிசைன் செய்கிறவர்கள், காமிக்ஸ் வரைகிறவர்கள் எல்லாம் இதை விடாமல் வைத்திருப்பது அதற்காகத்தான். தாராளமாக வாங்கிக் கொடுங்கள்.

நித்யா அக்கா: ஆனால் யாழினி, அந்த 168 வேண்டாம்.

யாழினி: ஏன் அக்கா? அவ்வளவு நிறம் இருக்கிறதே.

நித்யா அக்கா: படத்தைப் பெரிதாக்கி முனையைப் பார். ஒரு பக்கம் பட்டை முனை, இன்னொரு பக்கம் கெட்டியான ஊசி முனை. பிரஷ் முனையே இல்லை. முகம், துணி மடிப்பு, பூ என்று நீ வரைவதற்கெல்லாம் வளைந்து கொடுக்கிற பிரஷ் முனைதான் கை கொடுக்கும், அழுத்தினால் அகலமாகவும் தூக்கினால் மெல்லியதாகவும் வரும். பட்டை முனையை வைத்துக்கொண்டு ஒரு கன்னத்துக்கு நிழல் போட முடியாது. அடுத்து, 168 நிறத்தில் பாதி ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் இருக்கும், பளீர் என்ற பிங்க்கும் பச்சையுமாக நிரப்பியிருப்பார்கள், உனக்கு வேண்டிய நடுத்தரமான பழுப்பைத் தேடினால் கிடைக்காது. நீ அதிகம் பயன்படுத்துகிற நிறம்தான் முதலில் தீரும். அதை மட்டும் தனியாக வாங்க வழி இல்லை என்றால் மொத்தப் பெட்டியும் வீணாகக் கிடக்கும்.

சிங்கப்பூர் மாமா: அப்படியென்றால் நல்லதாகவே வாங்கிவிடலாமே. அடுத்த மாதம் வருகிறேன். இங்கே பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஆர்ட் ஃப்ரெண்ட் கடை இருக்கிறது, கோபிக் கம்பெனி மார்க்கர் வாங்கி வரட்டுமா? எத்தனை வேண்டும் என்று சொல்லுங்கள்.

அம்மா: தம்பி, விலை கேட்காமல் வாக்குக் கொடுக்காதே.

நித்யா அக்கா: சித்தி சொல்வது சரி மாமா. ஒரே ஒரு கோபிக் மார்க்கரே நம் பணத்துக்குச் சில நூறு ரூபாய் வந்துவிடும். அதில் மொத்தம் 358 நிறம் இருக்கிறது, யாரும் அத்தனையும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அது அந்த விலைக்குப் பெறும், ஏனென்றால் மை தீர்ந்தால் பாட்டிலில் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம், முனை தேய்ந்தால் அதை மட்டும் பிடுங்கி வேறு போடலாம், வருடக்கணக்கில் ஓடும். பழகுகிற கைக்கு முதல் நாளே அது தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். ஒவ்வொரு கோட்டுக்கும் விலையை நினைத்துப் பயந்தால் கை ஓடாது. இப்போதைக்கு ஒரு சின்ன செட், பழகிய பிறகு எந்த நிறம் இல்லாமல் கை திணறுகிறதோ அதை மட்டும் கோபிக்கில் ஒன்றொன்றாக வாங்கலாம். அவை எல்லாமே ஆல்கஹால் மைதான், ஒரே படத்தில் இரண்டு கம்பெனியைச் சேர்த்துப் போடுவதில் தப்பே இல்லை.

யாழினி: அப்போ எந்த கம்பெனி வாங்குவது?

நித்யா அக்கா: ஓஹுஹு கம்பெனியில் ஹோனலூலு என்ற பெயரில் வருகிற செட் ஒரு பக்கம் பிரஷ், மறுபக்கம் பட்டை. அதற்கு மாற்று முனையும் நிரப்புகிற மையும் கிடைக்கிறது. நம் ஊர் கம்பெனி என்றால் பிரஸ்ட்ரோ இருக்கிறது. விலை ஆன்லைனில் நாளுக்கு நாள் ஏறி இறங்கும், அதனால் பெயரை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதே. பிரஷ் முனை இருக்கிறதா என்று பெட்டியில் பார், 24 அல்லது 36 நிறத்தில் நிறுத்து, செட்டுக்கு ஆயிரத்து முந்நூறைத் தாண்டாதே. மீதிப் பணம் பேப்பருக்கு.

அம்மா: எழுநூறு ரூபாய்க்குப் பேப்பரா!

நித்யா அக்கா: ஆமாம் சித்தி, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். யாழினியிடம் இருக்கிற ஸ்கெட்ச் புக் பென்சிலுக்கானது, சொரசொரப்பாக இருக்கும். மார்க்கரை வைத்தவுடன் காய்ந்த மண்ணில் தண்ணீர் ஊற்றிய மாதிரி மையை உறிஞ்சிவிடும். கோட்டுக்கு வெளியே கசியும், நிறம் கலப்பதற்கு முன்பே காய்ந்துவிடும், மார்க்கரும் சீக்கிரம் தீரும். பிள்ளைகள் நமக்கு இது வரவில்லை என்று நினைத்து விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், கையில் குறை எதுவும் இருக்காது. வழுவழுப்பான காகிதம் வேண்டும். மார்க்கர் பேட் என்றே தனியாக வருகிறது, மெல்லியதாக 70 ஜிஎஸ்எம் (காகிதத்தின் கனத்தைச் சொல்லும் அளவு) இருந்தாலும் பின்பக்கம் இறங்காதபடி செய்திருப்பார்கள். அதற்கு விலை அதிகம் என்றால் ஐவரி ஷீட் என்கிற வழுவழுப்பான கெட்டிக் காகிதம் போதும், நாங்கள் ஆர்க்கிடெக்சர் காலேஜில் ஐவரியில்தான் எத்தனையோ ஷீட் முடித்தோம்.

பெரியப்பா: ஐவரி ஷீட் நான் அனுப்புகிறேன். பாரிமுனைக்கு வாரம் ஒரு தடவையாவது போகிறேன், ஆண்டர்சன் தெருவில் பேப்பர் கடைகள்தானே வரிசையாக இருக்கின்றன. எந்த கனம் என்று மட்டும் சொல்.

நித்யா அக்கா: 250 ஜிஎஸ்எம் கிடைத்தால் நல்லது அப்பா. பெரிய ஷீட்டாக வாங்கி அங்கேயே ஏ4 அளவுக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். கூடவே 100 ஜிஎஸ்எம் பாண்ட் பேப்பர் ஒரு கட்டு.

பெரியப்பா: பாண்ட் எதற்கு?

நித்யா அக்கா: ஜெராக்ஸுக்கு. இதைத்தான் யாழினி முக்கியமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கோபிக் என்ற பெயரே காப்பி என்பதிலிருந்து வந்ததுதான். 1987இல் ஜப்பானில் டூ (Too) என்ற கம்பெனி அதைக் கொண்டுவந்தபோது, ஜெராக்ஸ் எடுத்த கோட்டின் மேல் நிறம் போட்டாலும் டோனர், அதாவது ஜெராக்ஸ் மெஷினின் கறுப்புத் தூள், கரையாத மாதிரி மை தயாரித்தார்கள். நமக்கு அது பெரிய வசதி. ஒரு படத்தைக் கறுப்புக் கோட்டில் நிதானமாக வரைந்துகொள், தெருமுனைக் கடையில் பாண்ட் பேப்பரைக் கொடுத்து ஐந்தாறு பிரதி போட்டுக்கொள். ஒன்றில் நீலப் புடவை, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் நிழல் இடது பக்கம், ஒன்றில் வலது பக்கம் என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். மூலம் பத்திரமாக இருக்கும், கெட்டுப்போகுமே என்ற பயமே வராது. வேறு கம்பெனி மார்க்கர் என்றால் முதலில் ஒரு ஓரத்தில் தேய்த்து டோனர் இழுக்கிறதா என்று பார்த்துவிடு. வீட்டு இங்க்ஜெட் பிரிண்ட் மட்டும் வேண்டாம், கறுப்பெல்லாம் கலைந்து நிறத்தை அழுக்காக்கிவிடும்.

யாழினி: கோடு ஜெல் பேனாவில் போடலாமா?

நித்யா அக்கா: ஜெராக்ஸ் எடுக்கப் போகிறாய் என்றால் எதில் வேண்டுமானாலும் போடு. நேரடியாக நிறம் போடுகிற ஷீட்டில் ஜெல் பேனா, பால்பாயின்ட் இரண்டுமே கரைந்து இழுக்கும். மார்க்கர் பட்டால் கரையாத பிக்மென்ட் மை பேனா வேண்டும், மைக்ரான், யூனி பின் மாதிரி. 0.3 முனை ஒன்று போதும். கோடு நன்றாகக் காய்ந்த பிறகு பென்சிலை அழித்துவிட்டுத்தான் மார்க்கரை எடுக்க வேண்டும். மை மேலே ஏறிவிட்டால் அப்புறம் பென்சில் கோடு அழியாது, முனையும் கறுத்துவிடும்.

தாத்தா: எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். டிராயிங் மாஸ்டராக இருந்தவன் ஒன்று கேட்கிறேன். இந்த நிறம் நிற்குமா? நாங்கள் போஸ்டர் கலரில் போட்டது இன்னும் வீட்டில் இருக்கிறது.

நித்யா அக்கா: சரியான கேள்வி தாத்தா. பெரும்பாலானவை சாய மைதான், வெளிச்சம் பட்டால் வெளிறும். ஜன்னலுக்கு எதிரே சட்டம் போட்டு மாட்டினால் பிங்க்கும் ஊதாவும் முதலில் போய்விடும். ஃபைலுக்குள் வைத்தால் நீண்ட நாள் இருக்கும். முடித்தவுடன் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்வது. சுவரில் மாட்டுவதற்கென்றே வரைந்தால் நீங்கள் சொல்லித் தருகிற போஸ்டர் கலர்தான் நல்லது.

தாத்தா: அப்படியானால் சரி. பழகுவதற்கு நல்ல சாமான்தான். என் முகத்தையே முதலில் போடச் சொல், சுருக்கம் நிறைய இருக்கிறது, நிழல் பழகலாம்.

யாழினி: தாத்தா முகத்துக்கு என்ன நிறம் அக்கா? வீடியோக்களில் எல்லோரும் ஸ்கின் என்று ஒரு பீச் நிறம்தான் எடுக்கிறார்கள்.

நித்யா அக்கா: அந்த இடத்துக்குத்தான் வர வேண்டும் என்று இருந்தேன். பல செட்டில் ஸ்கின் என்று வருவது வெளுத்த பிங்க்கும் பீச்சும்தான். அதை வைத்து தாத்தாவை வரைந்தால் யாரோ மாதிரி இருக்கும், நம் வீட்டில் ஒருவர் முகமும் அதில் வராது. செட் வாங்கும்போதே பழுப்பு வரிசையைப் பார். வெளிர் மணல் நிறம், நடுத்தரப் பழுப்பு, அடர் பழுப்பு என்று ஒரே சாயலில் மூன்று இருக்க வேண்டும். மூன்று இருந்தால் ஒரு முகத்தை முடித்துவிடலாம். கோபிக்கில் இதை எண்ணிலேயே கண்டுபிடிக்கலாம். ஆங்கில எழுத்து நிறத்தைச் சொல்லும், ஈ (E) என்றால் மண் நிறங்கள். முதல் இலக்கம் ஒரே குடும்பத்தைக் காட்டும், கடைசி இலக்கம் கூடக் கூட அடர்த்தி கூடும். ஈ 33, ஈ 35, ஈ 37 மூன்றும் ஒரே வரிசை, ஒன்றுக்குள் ஒன்று அழகாக இறங்கும். மலிவான செட்டில் எண்களுக்கு இந்த ஒழுங்கு இருக்கும் என்று நம்பாதே, மூடியின் நிறத்தையும் நம்பாதே. வாங்கியவுடன் நீ வரையப்போகிற அதே பேப்பரில் ஒவ்வொன்றையும் ஒரு கட்டத்தில் பூசி, எண்ணை எழுதி, காய்ந்த பிறகு பார். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிவது காய்ந்ததும் வெளிறும்.

நித்யா அக்கா: தாத்தா முகத்துக்கு நான் செய்வது இப்படி. முதலில் கண் குழி, மூக்கின் கீழ், தாடைக்குக் கீழ் மட்டும் வெளிர் ஊதாவைப் போட்டுக் காய விடுவேன். அப்புறம் முகம் முழுக்க மணல் நிறம், நிற்காமல் சின்னச் சின்ன வட்டமாக, ஓரம் காய்வதற்குள் அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும், நின்றால் அங்கே ஒரு திட்டு விழும். ஈரம் இருக்கும்போதே கன்னத்தின் ஓரத்தில் நடுப் பழுப்பு, அந்தச் சேருமிடத்தில் மறுபடியும் மணல் நிறத்தால் லேசாகத் தடவினால் எல்லை கரைந்துவிடும். அடர் பழுப்பைக் கடைசியில், நெற்றிச் சுருக்கத்தில் வெளியிலிருந்து உள்ளே ஒரு வீச்சு, அவ்வளவுதான். அடியில் இருக்கிற ஊதா பழுப்பின் வழியாகத் தெரியும்போது நிழல் உயிரோடு இருக்கும், வெறும் கறுப்பைப் போட்டால் கரி பூசியது போல் ஆகிவிடும். மீசை, முடிக்கு வெள்ளை ஜெல் பேனாவால் இரண்டு கோடு.

யாழினி: அக்கா இதை ஸ்டார் போட்டு வைத்துவிட்டேன்.

அம்மா: வாசனை எப்படி இருக்கும்? சின்னவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

நித்யா அக்கா: கொஞ்சம் இருக்கும் சித்தி. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், மூடிய அறையில் மணிக்கணக்காகப் போடக் கூடாது. எளிதில் தீப்பற்றுகிற சாமான், சாமி விளக்குப் பக்கம் வைக்க வேண்டாம். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட வேண்டாம். ஃபேன் நேராகப் பேப்பரில் அடித்தால் மை கலப்பதற்குள் காய்ந்துவிடும், அதனால் மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். மூடியை டக் என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். படுக்கவைத்து அடுக்க வேண்டும், இரண்டு பக்கமும் முனை இருப்பதால் நிமிர்த்தி வைத்தால் மை கீழே இறங்கி மேல்முனை வறண்டுவிடும். சின்னவன் கைக்கு எட்டாமல் வைத்தால் போதும்.

சிங்கப்பூர் மாமா: சரி, முடிவாக என்ன வாங்கி வரட்டும்? இது என் பரிசு, அக்கா எதுவும் சொல்லக் கூடாது.

நித்யா அக்கா: மாமா, ஈ 33, 35, 37. கூடவே வார்ம் கிரே 1, 3, 5. ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் சாம்பல் நிறம் அழகாக இறங்கும், எந்தப் படத்துக்கும் நிழல் போடலாம். ஆறே ஆறு. கோபிக்கில் ஸ்கெட்ச், சியாவ் என்று வருகிற இரண்டு வகையில் எது இருந்தாலும் சரி, சியாவ் விலை குறைவு, மை கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும், பிரஷ் முனை இரண்டிலும் இருக்கிறது. கிளாசிக் என்று சதுரமாக வருவதை எடுக்காதீர்கள், அதில் பிரஷ் இல்லை.

அம்மா: ஆறு என்றால் சரி தம்பி.

பெரியப்பா: ஐவரி, பாண்ட் இரண்டும் புதன்கிழமை வாங்கிவிடுவேன். யாழினி, வெட்டிய அளவு ஏ4தானே, இல்லை கொஞ்சம் பெரிதாக வேண்டுமா?

யாழினி: ஏ4 போதும் பெரியப்பா, ஜெராக்ஸ் கடைக்கும் அதுதான் வசதி. அக்கா, பிரஷ் முனை இருக்கிற 36 செட் ஒன்று பார்த்திருக்கிறேன். பழுப்பு வரிசை தெரிகிற மாதிரி படம் தனியாக அனுப்புகிறேன், பார்த்துச் சொன்ன பிறகு ஆர்டர் போடுகிறேன்.