சீக்ரெட் ஆஃப் மானா: பழைய சேவ் வருகிறது, போகிறது. பேட்டரியை மாற்றலாமா?

நிலவறைப்பெட்டி:
வணக்கம். இரண்டு கேள்விகள், முதலாவதுதான் அவசரம்.

1994-ல் அப்பா வாங்கித் தந்த சூப்பர் நின்டெண்டோ ஆட்டப் பெட்டியை அம்மா வீட்டு பேஸ்மெண்டிலிருந்து போன மாதம் தூக்கி வந்தேன் (ரொறன்ரோவில் இருக்கிறேன்). கூடவே சீக்ரெட் ஆஃப் மானா ஆட்டத்தின் கார்ட்ரிட்ஜ். தூசி தட்டிப் போட்டால் ஓடுகிறது! அதைவிட ஆச்சரியம், அக்காவும் நானும் அந்தக் காலத்தில் ஆடிய சேவ் (ஆட்டத்தை நிறுத்திய இடத்தின் பதிவு) அப்படியே இருந்தது. பெண் பாத்திரத்துக்கு அக்கா தன் பெயரைத்தான் வைத்திருந்தா. இடம் போதாமல் வால் வெட்டுப்பட்டு நிற்கும் அந்தப் பெயரைப் படம் எடுத்து அவவுக்கு அனுப்பினேன். கடைசிக் கோட்டைக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்னால் வைத்த சேவ். அந்த வாரம் வீடு மாறினோம், அப்புறம் அவ பல்கலைக்கழகம் போய்விட்டா. ஆட்டம் முடியவே இல்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், சில நாள் அந்த சேவ் தெரிகிறது, சில நாள் பட்டியல் காலியாக இருக்கிறது. ஒன்பது வயது மகளோடு புதிதாகத் தொடங்கிய சேவுக்கும் இதே கதி. நேற்று இரண்டையும் காணோம். கார்ட்ரிட்ஜைக் கழற்றித் திரும்பச் செருகினேன், இரண்டும் வந்துவிட்டன. இங்கே ஒரு கடையில் கேட்டால், "பேட்டரி மாற்றித் தருகிறோம், சேவுக்குப் பொறுப்பில்லை" என்கிறார்கள்.

இரண்டாவது: மகளும் நானும் சூனியக்காரி எலினியின் கோட்டையில் அந்த முள் புலியிடம் நாலு தரம் செத்துவிட்டோம். வாள் படுகிறது, ஆனால் அதற்கு வலிக்கவே இல்லை. சின்ன வயதில் இவ்வளவு கஷ்டப்பட்ட ஞாபகம் இல்லை. எனக்குத்தான் கை மந்தமாகிவிட்டதா?

சால்டரிங்புகை:
முதலில் ஒன்று. இனி அதை ஆன் செய்யாதீர்கள். நிஜமாகவே.

உள்ளே இருப்பது சிஆர்2032 பேட்டரி, 3 வோல்ட். சேவ் உட்காரும் எஸ்ரேம் சிப்புக்கு மின்சாரம் அறுந்தால் எல்லாம் போய்விடும். ஆட்டப் பெட்டியை அணைத்த பிறகும் அந்தச் சிப்பை உயிரோடு வைத்திருப்பது இந்தக் காசளவு பேட்டரிதான். அதனால் பேட்டரியைக் கழற்றும் நொடியில் சேவ் அழியும். கடைக்காரர் சொன்னது சரிதான், வழி இருப்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஆனால் உங்கள் நோய் பேட்டரி மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். பேட்டரி செத்திருந்தால் போன சேவ் திரும்ப வராது. கழற்றிச் செருகினால் வருகிறது என்றால் சேவ் சிப்புக்குள் பத்திரமாக இருக்கிறது, பெட்டியால்தான் சரியாகப் படிக்க முடியவில்லை. அது கார்ட்ரிட்ஜின் செம்புக் காலில் ஏறிய அழுக்கு. இந்த நிலையில் மறுபடி மறுபடி ஆன் செய்து, தப்பாகப் படித்த இடத்தில் ஆட்டம் ஏதாவது எழுதித் தொலைத்தால் போச்சு.

செய்யவேண்டிய வரிசை: சுத்தம், நகல், பேட்டரி, திரும்ப ஏற்றுதல். மாற்றிச் செய்யாதீர்கள்.

கார்ட்ரிட்ஜின் கூட்டைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனித் திருப்புளி வேண்டும், சாதாரணத் திருப்புளி பிடிக்காது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சை நனைத்துத் துடையுங்கள், பஞ்சு கறுப்பாக வராத வரைக்கும். ஊதாதீர்கள். நாம் எல்லோரும் ஊதித்தான் வளர்ந்தோம், அந்த எச்சில் ஈரம்தான் இப்போது பச்சையாகப் பூத்து நிற்கிறது.

இரண்டுதடவை:
இவ்வளவு பாடு எதற்கு ப்ரோ? 2019-ல் வந்த கலெக்‌ஷன் ஆஃப் மானா ஸ்விட்சில் கிடைக்கிறது. அதே ஆட்டம்தான், நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம். 2018-ல் முப்பரிமாணத்தில் திரும்ப எடுத்ததும் இருக்கிறது, அதை மட்டும் வாங்காதீர்கள்.

நிலவறைப்பெட்டி:
அது தெரியும், மகளுக்கு வாங்கியும் கொடுத்திருக்கிறேன். அதில் அக்கா இல்லையே.

@சால்டரிங்புகை நன்றி அண்ணா. திறந்துவிட்டேன். பஞ்சு ஐந்தாவது தரம்தான் வெள்ளையாக வந்தது. நகல் எடுப்பது எப்படி?

சால்டரிங்புகை:
கார்ட்ரிட்ஜைக் கணினியோடு இணைக்கும் ரீடர் ஒன்று வேண்டும். ரெட்ரோடு என்று ஒன்று உண்டு. யூஎஸ்பியில் செருகினால் பென்டிரைவ் மாதிரி திறக்கும், உள்ளே ஆட்டம் ஒரு கோப்பு, சேவ் ஒரு கோப்பு. ஆர்டுயினோ என்ற சின்ன சர்க்யூட் போர்டை வைத்துக் கட்டும் திறந்தமூல ரீடரும் இருக்கிறது. ரெட்ரோ ஆட்டக் குழுக்களில் கேட்டுப் பாருங்கள், யாராவது இரவல் தருவார்கள்.

உங்கள் ஆட்டத்தின் சேவ் மொத்தமே 8 கிலோபைட். எடுத்ததும் மூன்று தரம் எடுத்து மூன்றும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அந்தக் கோப்பை ஒரு எமுலேட்டரில் (பழைய ஆட்டத்தைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) போட்டு அக்கா பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால்தான் பேட்டரியில் கை வைக்கலாம்.

வாங்கும்போது தகட்டுக் கால் வைத்த சிஆர்2032 என்று கேட்டு வாங்குங்கள். கடிகாரக் கடையில் விற்கும் வெறும் பேட்டரி மேல் நேரடியாக ஈயம் வைக்காதீர்கள். சூடேறினால் லித்தியம் வெடிக்கும். டேப் சுற்றி ஒட்டும் வைத்தியமும் வேண்டாம், ஒரு தட்டுத் தட்டினால் தொடர்பு விட்டுவிடும். கூட்டலும் கழித்தலும் போர்டிலேயே அச்சிட்டிருக்கும்.

பெட்டியில் கார்ட்ரிட்ஜை ஓடவிட்டுக்கொண்டே பேட்டரியை மாற்றினால் சேவ் அழியாது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஈயக்கோலின் நுனி ஒரு மில்லிமீட்டர் வழுக்கினால் சிப்பே போய்விடும் என்பதும் உண்மைதான்.

முயல்வேட்டை:
இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், இதை ஒருவரும் தொடவில்லை.

உங்கள் கை மந்தமாகவில்லை. திரையின் அடியில் உயிர் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு விழுக்காடு ஓடுகிறதே, அதைப் பார்க்கிறீர்களா? ஒரு வெட்டு வெட்டியதும் அது கீழே விழும். திரும்ப 100 வரும் வரை அடிக்கும் அடிக்கு மதிப்பே இல்லை. நாம் இப்போது ஆடுகிற ஆட்டங்கள் எல்லாம் பட்டனைத் தட்டு, தட்டு, தட்டு என்று பழக்கிவிட்டன. மானாவில் வெட்டிவிட்டு ஒதுங்கி மூச்சுவிட வேண்டும். இதில் நிறையப் பேர் கோட்டைவிடுவது எங்கே என்றால், ஓடினாலும் அந்த அளவு காலியாகும். புலியைக் கண்டு ஓடி, ஓடி முடித்த உடனே வெட்டுகிறீர்கள். அந்த வெட்டு பூ விழுந்த மாதிரி.

புலிக்கு இன்னொரு கொடுமை, அந்த இடத்தில் உங்களிடம் மந்திரம் ஒன்றும் கிடையாது. மந்திரம் தரும் நீர் ஆவி உண்டீன் வந்த பிறகு வரும் பேய்களை மந்திரத்தாலேயே எழ விடாமல் அடிக்கலாம், இது மட்டும் வெறும் கையால் அடிக்க வேண்டியது. நீர் அரண்மனை லூகா கொடுத்த ஈட்டியை எடுங்கள், வாளைவிட எட்டும். அது பந்தாகச் சுருண்டு உருளும்போது எதிர்க்காதீர்கள், விலகுங்கள். மேலே ஏறி நெருப்புத் துப்பும்போதும் அடிக்கப் போகாதீர்கள், இறங்கட்டும். இறங்கி நின்றதும் ஒரு குத்து. பிறகு எண்ணுங்கள்.

சாக்லேட் நாலும் மிட்டாய் நாலும் கட்டாயம். ஒவ்வொன்றிலும் நாலுக்கு மேல் பையில் கொள்ளாது என்பது ஞாபகம் இருக்கும். மிட்டாய் 100 உயிர் தரும், சாக்லேட் 250. உயிர் பாதியாவதற்கு முன் சாக்லேட்டை எடுப்பது வீண்.

நிலவறைப்பெட்டி:
ஐயோ, அந்த விழுக்காடு! அக்கா பக்கத்தில் இருந்து "பொறு, பொறு" என்று கத்துவது அதற்குத்தானா? நான் அதை இவ்வளவு காலமும் அவவின் அதிகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு துணைக் கேள்வி: மூன்றாவது ஆள், அந்த ஸ்ப்ரைட், கணினியின் கையில் இருக்கிறது. மூலையில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது, அது வராமல் திரையும் நகராது. மகள் அதைத் திட்டுகிற திட்டைக் கேட்கவேண்டும்.

முயல்வேட்டை:
அதற்கு மருந்து இல்லை, அது பிறவிக்குணம். மெனுவில் ஒரு கட்டம் இருக்கும், எவ்வளவு முன்னே போகவேண்டும், எவ்வளவு பின்வாங்கவேண்டும் என்று அதில் புள்ளியை நகர்த்தலாம். புலிக்கு முன்னால் பின்வாங்கும் பக்கம் தள்ளிவிடுங்கள், சாகாமலாவது இருக்கும். மாட்டிக்கொண்டால் செலக்ட் அழுத்தி அந்த ஆளாக மாறி நீங்களே நடத்திக் கூட்டி வாருங்கள். மல்டிடாப் (கூடுதல் கன்ட்ரோலர் செருகும் இணைப்பு) ஒன்று கிடைத்தால் மூன்றாவது கன்ட்ரோலர் செருகி அக்காவிடம் கொடுத்துவிடலாம்.

240வரி:
டிவியையும் ஒரு பார்வை பாருங்கள். இந்தப் பெட்டி அனுப்புவது 240 வரிப் படம். புது டிவிகளில் பல அதை 480 வரி இன்டர்லேஸ் (ஒன்று விட்டு ஒரு வரியாக வரும் படம்) என்று தப்பாக எண்ணி, கோத்து ஒட்டிவிட்டுத்தான் காட்டும். அதில் கொஞ்சம் நேரம் போகும், பட்டனுக்கும் வெட்டுக்கும் நடுவில் இழுக்கிற மாதிரி இருக்கும். டிவி அமைப்பில் கேம் மோடைப் போடுங்கள். முழுக்கப் போகாது, ஆனால் வித்தியாசம் தெரியும்.

நிலவறைப்பெட்டி:
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ரெட்ரோடு இரவல் கிடைத்தது. முதல் நகலும் இரண்டாவதும் ஒத்துப்போகவில்லை. இன்னொரு தரம் துடைத்தேன், அப்புறம் மூன்றும் ஒன்றாக வந்தன. எமுலேட்டரில் திறந்தால் அக்காவின் வால் வெட்டுப்பட்ட பெயர் நிற்கிறது. அதை மூன்று இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன், அவவுக்கும் மின்னஞ்சலில் ஒன்று. 8 கிலோபைட்! நான் அனுப்பிய படத்தில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

பழைய பேட்டரியை மீட்டரில் வைத்துப் பார்த்தேன், 2.7 வோல்ட். ஈயம் வைத்தது வேலைத் தோழர் ஒருவர், நான் விளக்குப் பிடித்தேன். திரும்ப ஏற்றுவதில் ஒரு நாள் தடுமாறினேன். ரெட்ரோடு இயல்பாக சேவைப் படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது. அதன் அமைப்புக் கோப்பில் படிக்க மட்டும் என்கிற வரியில் 1-ஐ 0 ஆக்கவேண்டும். பின்னால் வருபவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

மூன்று நாள் பெட்டியிலிருந்து கழற்றி வைத்துவிட்டு இன்று காலை போட்டேன். இரண்டு சேவும் இருக்கின்றன.

சால்டரிங்புகை:
மூன்று நகல் ஒத்துப்பார்த்தீர்கள் பாருங்கள், அதில்தான் தப்பியது. முதல் நகலை நம்பி பேட்டரியைக் கழற்றியிருந்தால் இன்றைக்கு வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள். திருகுகளை இறுக்கிவிடாதீர்கள், பிளாஸ்டிக் பழசு.

முயல்வேட்டை:
அக்கா சேவை முடிக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடைசி மானா மிருகத்துக்கு வேறு எந்த ஆயுதமும் ஏறாது. பெண்ணும் ஸ்ப்ரைட்டும் மானா மந்திரத்தை வாளில் ஏற்ற வேண்டும், அந்த வாளால் பையன் வெட்டவேண்டும். மந்திர சக்தியை நிரப்பும் வால்நட் நாலு வாங்காமல் போகாதீர்கள், மந்திரம் தீர்ந்தால் நின்று பார்த்துக்கொண்டு சாக வேண்டியதுதான். புலி என்ன ஆயிற்று?

நிலவறைப்பெட்டி:
புலி நேற்று இரவு செத்தது. மகள்தான் எண்ணினாள், நான் குத்தினேன். சாக்லேட் ஒன்று மிச்சம், சாட்டையும் கிடைத்தது. செத்தது எலினி வளர்த்த பிராணி என்று தெரிந்ததும் மகளுக்கு முகம் வாடிவிட்டது, சாட்டையை எடுக்க வேண்டாம் என்று அரை மணி நேரம் வழக்கு.

அக்கா சனிக்கிழமை வருகிறா. மல்டிடாப் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ரொறன்ரோ பக்கம் என்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.