மறுமொழி: ‘கவுண்ட்’ என்பதற்குக் ‘கண்ணெண்’

அனைவருக்கும் வணக்கம்.

பெருக்கல் குறி போலப் போடும் குறுக்குத் தையலுக்கான துணியின் ‘கவுண்ட்’டை, அதாவது ஓர் அங்குலத்தில் உள்ள ஓட்டைகளின் எண்ணிக்கையை, தமிழில் எப்படிச் சொல்வது என்று போன வாரம் தொடங்கிய பேச்சு ‘துளை எண்ணிக்கை’, ‘கட்ட எண்’, ‘நூலெண்’ என்ற மூன்றில் வந்து நிற்கிறது. நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: கண்ணெண். இழைகளுக்கு நடுவே உள்ள ஓட்டைதான் கண். துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் இருக்கிறதோ, அதுவே கண்ணெண்.

இந்தச் சொல்லை நான் உட்கார்ந்து யோசித்து உருவாக்கவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் சனிக்கிழமை மாலைகளில் ஆறு பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். மேட்டி என்பது கட்டம் கட்டமாக நெய்த பருத்தித் துணி. வெள்ளை மேட்டியில் தைத்த வரைக்கும் ஓட்டைக்குத் தனியாக ஒரு பெயரே தேவைப்படவில்லை. ‘இங்கே குத்து, அங்கே எடு’ என்றால் போதும். கறுப்புத் துணிக்குப் போனதும்தான் சிக்கல் வந்தது. ஓட்டையும் கறுப்பு, அதைச் சுற்றியுள்ள இழையும் கறுப்பு. மேலே ட்யூப்லைட் எரிந்தும் பயனில்லை.

ஒரு வெள்ளைத் தலையணை உறையை எடுத்து ஒரு பிள்ளையின் மடியில் விரித்தேன். துணியை இழுத்துப் பிடிக்கும் தையல் சட்டத்தை அவள் அதற்கு மேலே பிடித்தாள். ஓட்டை வழியாக அடியில் இருந்த வெள்ளை புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. “இப்பதான் அக்கா கண்ணு தெரியுது” என்றாள். அவளுடைய பார்வையைச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை. அவள் வீடு காசிமேடு, அப்பா வலை பின்னுகிறவர். வலை கிழிந்தால் அவர்கள் வீட்டில் ‘மூணு கண்ணு போயிருக்கு’ என்றுதான் பேச்சு. சல்லடைக்கும் கண் உண்டு, தேங்காய்க்கும் கண் உண்டு. நமக்கு வேண்டிய சொல் வலைக்காரர் வீட்டில் எப்போதோ இருந்திருக்கிறது.

இனி மற்ற மூன்றும் ஏன் சரிப்படவில்லை என்று சொல்கிறேன்.

‘நூலெண்’ணை விட்டுவிடலாம். நெசவில் கவுண்ட் என்றால் நூல் எவ்வளவு மெல்லிசு என்பதற்கான எண். 40-ஆம் நம்பர் நூலைவிட 80-ஆம் நம்பர் மெல்லியது. அந்தப் பொருள் அங்கே ஊறிப்போன ஒன்று. அதே சொல்லைத் துணியின் ஓட்டைக்கும் வைத்தால், வண்ணாரப்பேட்டையில் துணி வாங்கப் போகிற பெண்தான் குழம்புவாள்.

‘துளை எண்ணிக்கை’ தப்பில்லை, ஆனால் நீளம். தைப்பதற்காகக் கட்டம் போட்ட ஒரு மாதிரிப் படத்தின் மேல் பத்து தடவை எழுத வேண்டிய சொல் இது.

‘கட்ட எண்’ணுக்கு நம்மில் பலருடைய ஆதரவு இருக்கிறது, நானும் முதலில் அதன் பக்கம்தான் இருந்தேன். அய்டா (குறுக்குத் தையலுக்கென்றே நெய்த துணி), மேட்டி வகைத் துணிகளில் கட்டம் கட்டமாகத் தெரிவதால் அது பொருந்துகிறது. லினனில் கட்டமே கிடையாது. 28 கவுண்ட் லினனில் இரண்டு இழையைத் தாண்டித் தாண்டித்தான் ஒரு பெருக்கல் குறி போடுகிறோம், அப்போது அது 14 கவுண்ட் அய்டாவின் அளவுக்கு வந்துவிடும். அதை ‘28 கட்டம்’ என்று எப்படிச் சொல்வது? ‘28 கண், இரண்டு இழைக்கு ஒரு தையல்’ என்றால் உடனே விளங்குகிறது. ஆகவே மாதிரித் தாளில் இருப்பது கட்டம், துணியில் இருப்பது கண் என்று பிரித்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

பத்து கட்டத்துக்குப் பதினொரு துளை வருமே, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று ஓர் ஐயா கேட்டிருந்தார். சரியான கேள்வி. ஒரு கண்ணில் தொடங்கி அடுத்த கண்ணை எட்டும்போது ‘ஒன்று’ என்று எண்ண வேண்டும். முதல் கண்ணைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அப்படி எண்ணினால் கட்டமும் கண்ணும் ஒரே எண்ணில் வந்து நிற்கும்.

‘கண்ணளவு’ என்று சொல்லலாமே என்றார் இன்னொருவர். அதை ஏற்க எனக்குத் தயக்கம். வலையில் கண்ணளவு கூடினால் ஓட்டை பெரிது. நம் துணியில் எண் கூடினால் ஓட்டை சிறிது. ‘எண்’ என்ற பகுதி அவசியம் இருக்க வேண்டும்.

இந்த எண் பிசகினால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவள் நான். 14 என்று சொல்லி ஒரு கடையில் கறுப்பு மேட்டி கொடுத்தார்கள். 70 கட்ட அகலத்தில் ஒரு படகு. 5 அங்குலத்தில் முடிய வேண்டியது, 6 அங்குலத்தைத் தாண்டியும் பாய்மரத்தின் ஓரம் பாக்கி. ஸ்கேலை வைத்து ஊசி முனையால் எண்ணினால் அங்குலத்துக்கு 11. வெள்ளைத் துணியாக இருந்தால் வாங்கும்போதே பார்த்திருப்பேன். இப்போதெல்லாம் கடையிலேயே துணிக்கு அடியில் என் வெள்ளைக் கைக்குட்டையை வைத்து எண்ணிவிட்டுத்தான் பணம் கொடுக்கிறேன்.

கறுப்பில் தைப்பவர்களுக்குக் கையேட்டில் வேறு என்ன எழுதலாம் என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். முனை மழுங்கிய 24-ஆம் எண் ஊசி அவசியம். கூர் ஊசி இழையைக் குத்திக் கிழிக்கும். மழுங்கிய ஊசியோ இழையில் வழுக்கித் தானாகக் கண்ணுக்குள் இறங்கும், பார்வை தடுமாறும் இடத்தில் விரல் கண்டுபிடித்துவிடும். பத்துக் கண்ணுக்கு ஒரு முறை வெளிர் மஞ்சள் நூலால் நீள ஓட்டம் ஓட்டிவைத்தால் எண்ணிக்கை தப்பாது. கடைசியில் உருவிவிடலாம். 14 கண்ணெண்ணில் வழக்கமாக ஊசியில் 2 இழை தையல் நூல் போதும். கறுப்பின் மேல் வெள்ளைக்கு 3 இழை வேண்டும், இல்லாவிட்டால் தையலுக்கு இடையில் கறுப்பு எட்டிப் பார்க்கும். பின்பக்கம் வெள்ளை நூலை ஓரிடத்திலிருந்து தூரத்து இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகக் கூடாது, கண் வழியே முன்னால் தெரியும். அப்புறம், தைப்பதற்கு முன்பே துணியைத் தனியாக அலசிச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மூக்குக் கண்ணாடியின் பவர் என்று யாராவது ‘கண்ணெண்’ணை நினைத்துக்கொள்வார்களோ என்ற கவலை எனக்கும் இருந்தது. பிள்ளைகளிடம் மூன்று வாரமாகச் சொல்லிப் பார்க்கிறேன், ஒருவருக்கும் அந்தக் குழப்பம் வரவில்லை. அவர்களாகவே ‘பதினாலு கண்ணு துணி’ என்று சுருக்கிக்கொண்டார்கள்.

வரும் சனிக்கிழமை கொடுக்கப்போகும் மாதிரித் தாளில் ‘கறுப்பு மேட்டி, 14 கண்ணெண், வெள்ளை 3 இழை, ஊசி 24’ என்று அச்சடிக்க இருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். லினனில் தொடர்ந்து தைப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து