நடுமடை மின்மாற்றியா, நடுப்புவி மின்மாற்றியா?

மொழிபெயர்ப்பாளர், பெங்களூரு:
கலைச்சொல் ஆக்கும் குழுவினருக்கு வணக்கம். பீனியா தொழிற்பேட்டையில் டிரில், கிரைண்டர் பிடிக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரித் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புக் கையேடொன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குத் தர வேண்டும். பிரிட்டனின் கட்டுமானத் தளங்களில் 230 வோல்ட்டை 110 ஆக்கி, மின்மாற்றியின் துணைச்சுருளில் (கருவிக்கு மின்சாரம் தரும் சுருளில்) நடுப்புள்ளியைப் புவியுடன் இணைக்கிறார்கள். ஏதேனும் ஒரு கம்பியில் கை பட்டாலும் புவியைப் பொறுத்து 55 வோல்ட்தான் இருக்கும். இதை "தாழ்த்தப்பட்ட மின்னழுத்தம்" என்று எழுதியுள்ளேன். அந்த மின்மாற்றிக்கு என்ன பெயரிடலாம்?

தமிழாசிரியர்:
அம்மா, "தாழ்த்தப்பட்ட" என்ற சொல் சமூக வழக்கில் சுமக்கும் பொருளை நினைத்து அதை உடனே நீக்கிவிடுங்கள். "குறைத்த மின்னழுத்தம்" போதும். மின்மாற்றிக்கு "நடுமடை மின்மாற்றி" என்பது என் பரிந்துரை. ஏரி நீரை வேண்டிய இடத்தில் திறந்துவிடும் வாய் மடை. சுருளின் நடுவிலிருந்து மின்சாரத்தை எடுக்கும் வாயும் அதுவே. மடுத்தல் என்றால் ஊட்டுதல், உட்கொள்ளுதல். செவிமடுத்தல் என்று இன்றும் சொல்கிறோம். தெய்வத்துக்கு இடும் படையலும் மடை. ஆகவே கருவிக்கு மின்னூட்டும் இடத்தை மடை என்பது வேரோடு பொருந்துகிறது.

மின்பொறியாளர்:
ஐயாவின் வேர்ச்சொல் இனிக்கிறது. ஆனால் காப்பது மடையன்று, புவி இணைப்பு. அதே 110 வோல்ட் சுருளின் ஒரு முனையைப் புவியுடன் இணைத்தால், மறுமுனையைத் தொடுபவர் 110 முழுவதையும் வாங்குவார். எனவே "நடுப்புவி மின்மாற்றி" என்று காக்கும் கூறே பெயரில் தெரியட்டும். இரு கம்பிகளையும் ஒருங்கே தொட்டால் 110 வோல்ட் தாக்கும் என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். "தாழ் மின்னழுத்தம்" என்ற சொல்லை எங்கும் ஆள வேண்டாம்: 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 250 வோல்ட் வரை அந்த வகையாகவே இருந்தது, அதாவது நம் வீட்டு 230 வோல்ட்டும் "தாழ்"ந்ததே! தொட்டியின் உள்ளே இறங்கி வேலை செய்பவருக்கு 110 வோல்ட்கூடப் பாதுகாப்பன்று; தக்க பாதுகாப்புச் சாதனம் இல்லையேல் அங்கே 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கையும் கருவியையும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36அ பிரிவு தடுத்தது.

தமிழாசிரியர்:
புவி வடசொல். "நடுநில மின்மாற்றி" என்னலாமே?

மேற்பார்வையாளர், பீனியா:
ஐயா, நியூட்ரல் கம்பியை நூல்களில் "நடுநிலை" என்கிறார்கள். "நடுநில"வில் ஒரு "ல" "லை" ஆகிவிட்டால் எங்கள் பிள்ளைகள் எர்த்தை நியூட்ரலில் இணைத்துவிடுவார்கள். அவர்கள் அறிந்த சொல் எர்த். "நடு எர்த் மின்மாற்றி" என்றே போடுங்கள்.

தமிழாசிரியர்:
எர்த் என்று அச்சேறினால் கலைச்சொல் ஆக்கும் குழு எதற்கு?

மேற்பார்வையாளர், பீனியா:
கையேடு கிரைண்டர் பிடிப்பவருக்கு, ஐயா.

மொழிபெயர்ப்பாளர், பெங்களூரு:
காக்கும் கூறு பெயரிலேயே தெரிவதால் "நடுப்புவி" என்பதையே தலைப்பில் இடுகிறேன். உள்ளே முதல் முறை வரும் இடத்தில் "நடு எர்த்" என்று சேர்த்துக்கொள்கிறேன். மேலும் விவாதிக்கக் கால அவகாசம் இல்லை.

தமிழாசிரியர்:
அச்சிடுங்கள். இரண்டாம் பதிப்புக்குமுன் "மண்ணிணைப்பு" என்பதைப் பற்றித் தனி மடல் எழுதுவேன்.