பைத்தானில் ‘கொடுவா’ மூணு துண்டா உடையுது, உதவி தேவை

கடலோரக்குறிப்பு (ராயபுரம்):
காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த 22 நேர்காணல்களைத் தட்டச்சு செய்து யூடிஎஃப்-8 கோப்புகளா வச்சிருக்கேன். எந்த மீன் பேர் எத்தனை தடவை வருதுன்னு எண்ணணும். உரையில் வடிவம் கொடுத்துத் தேடுற ஆர்இ தொகுப்பில், பொருந்துறதையெல்லாம் எடுக்கிற ஃபைண்ட்ஆல் போட்டு, வடிவமா பேக்ஸ்லாஷ்-டபிள்யூ-பிளஸ் (முழுச்சொல்லை எடுன்னு அர்த்தம்) கொடுத்தேன். ‘கொடுவா’ வரவேண்டிய இடத்தில் க, ட, வ என்று தனித்தனியா வருது. எழுத்துரு மாத்தியும் அப்படியேதான். நோட்பேடில் திறந்தா சரியா இருக்கு.

மின்ட்_தெரு:
எழுத்துருவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க, வெட்டுற வடிவம்தான் தப்பு. ஆர்இ பார்வையில் எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே சொல்லில் சேரும். ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு எண் கொடுக்கிற யூனிகோடில் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் ‘குறி’ வகை, ‘எழுத்து’ வகை இல்லை. அதனால் குறி வர்ற இடத்திலெல்லாம் சொல் அறுந்துபோகுது.

யூனிகோடின் தமிழ்த் தொகுதி பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரை. சதுர அடைப்புக்குள்ள சிஎச்ஆர்(2944) (எண்ணைக் கொடுத்தா அதற்குரிய எழுத்தைத் தரும்), இடைக்கோடு, சிஎச்ஆர்(3071) வச்சு, அடைப்புக்கு வெளியே பிளஸ் போடுங்க. அதுக்கு முன்னாடி 8204-ஆம் குறியை, கண்ணுக்குத் தெரியாத அந்த இணைப்பு நீக்கியை, உரையிலிருந்து எடுத்துடுங்க. பின்னால் சொற்களை எண்ணித் தர்ற சைகிட்-லேர்ன் கவுண்ட்வெக்டரைசர் பக்கம் போனால், சொல் வெட்டுற வடிவமான அதன் டோக்கன் பேட்டர்னிலும் இதே கோளாறு இருக்கு, அங்கேயும் மாத்தணும்.

கடலோரக்குறிப்பு:
சொல் முழுசா வருது, நன்றி அண்ணா. ஆனால் பட்டியலில் ‘கொடுவா’ ரெண்டு வரியில் இருக்கு, ஒண்ணு 41, இன்னொண்ணு 17. பார்த்தா ஒரே மாதிரிதான். ‘வௌவால்’ மீனும் ரெண்டா வருது.

மின்ட்_தெரு:
ஒகரக் குறியை 3018 என்று ஒரே குறியாவும் தட்டலாம், 3014, 3006 என்று ரெண்டாவும் தட்டலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கு ரெண்டும் வேற. யூனிகோட்டேட்டா தொகுப்பின் நார்மலைஸ் போட்டு, பிரிஞ்ச குறிகளைச் சேர்க்கிற என்எஃப்சி முறையில் ஓட்டினால் ஒண்ணாயிடும். உரையை மட்டும் ஓட்டினால் போதாது, உங்க மீன் பட்டியலையும் ஓட்டணும்.

வௌவால் கதை வேற. யாரோ ஒற்றைக்கொம்பும் ள எழுத்தும் தட்டி ‘வெளவால்’ ஆக்கியிருக்காங்க. என்எஃப்சி அதைத் தொடாது. அந்தச் சேர்க்கையை மொத்தமா ஔகாரமா மாத்திடாதீங்க, ‘கெளுத்தி’ மீன் கெட்டுப்போகும். பேச்சில் வர்ற ‘வெளக்கு’ம் போயிடும். வௌவால், பௌர்ணமி என்று முழுச்சொல்லா ஒரு சின்னப் பட்டியல் போட்டு மாத்துங்க.

தண்டையார்பேட்டை_வாசகர்:
ஒண்ணு சேர்த்துக்கிறேன். ‘கடலுக்குப் போனோம்’ என்பதில் கடைசி ‘ப்’ சந்தி, வெட்டலாம். ஆனால் அடுத்த சொல் அதே வல்லினத்தில் தொடங்கினால் மட்டும், அதுவும் எண்ணுறதுக்கு முன்னாடி, சொற்கள் வரிசையா இருக்கும்போதே. கண்ணை மூடிக்கிட்டு வெட்டினால் ‘கேரம் கிளப்’ ‘கேரம் கிள’ ஆயிடும். ‘கிளப் பக்கம்’ இந்த விதியையும் ஏமாத்தும், அதனால் விதிவிலக்குப் பட்டியல் ஒண்ணு வேணும்.

வேற்றுமை உருபு சேர்ந்த சொல்லைப் பிடிக்க ஸ்டார்ட்ஸ்வித் (சொல் இப்படித் தொடங்குதான்னு பார்க்கிறது) போதும்னு நினைக்காதீங்க. ‘கடல்’ என்று தேடினால் ‘கடலுக்கு’ சிக்காது, புள்ளி இல்லையே. புள்ளியை எடுத்துட்டு ‘கடல’ என்று தேடினால் ‘கடலை’ சிக்கும். அது கடலையும் ஆகலாம், வேர்க்கடலையும் ஆகலாம். அந்தச் சொல்லுக்கு மட்டும் முன்னும் பின்னும் 5 சொல் அச்சிட்டுக் கண்ணால் பாருங்க.

கடலோரக்குறிப்பு:
கொடுவா இப்போ 58, ஒரே வரி. ‘கடலை’ 9 இடத்தில் இருந்தது. படிச்சுப் பார்த்தேன், 7 கடல், 2 வேர்க்கடலை.